தலை குனியாத மான்குட்டி

செந்நாய்கள் ஒரு காட்டையே சூறையாடிவிட்டன. அங்கிருந்து தப்பிய மருதி என்ற மான்குட்டி, ஆற்றைக் கடந்து தன்னந்தனியாக மூங்கில் காட்டுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்த மான்களுக்கு நல்ல மனசு. "வாம்மா, வயிறாரச் சாப்பிடு" என்று பசும்புல்லைக் காட்டின.

மருதி புல்லை நோக்கிக் குனியும். வாய் படுவதற்குள் வெடுக்கென்று தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கும். நாளாக ஆக அதன் விலா எலும்பு தெரிந்தது.

"இங்கதான் செந்நாயே கிடையாதே, என்ன பயம்?" என்றது ஒரு மான்.

"நடந்ததைச் சொல்லி அழுதுடு, சரியாப் போயிடும்" என்றது மயில். மருதி நடுநடுங்கிப் புதருக்குள் ஒளிந்துகொண்டது.

மரத்திலிருந்த சடையன் என்ற குரங்கு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. இப்படியே போனால் குட்டி செத்துப்போகுமே! எதையும் நின்று யோசிக்காத சடையன், பாவம், அன்று யோசித்தது. புல்லுக்கா பஞ்சம்? குனிந்தால் எது வருகிறதென்று தெரியாது. அதுதான் சங்கதி.

"தங்கச்சி, நீ குனிஞ்சு மேய். நான் காவல் இருக்கேன். எது வந்தாலும் கத்துவேன். உன்கிட்ட ஒண்ணும் கேட்கமாட்டேன்."

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "குரங்கு ஒரே கிளையில உட்காருமாம்! அடைமழைதான் வரப்போகுது."

சடையன் உட்கார்ந்தது. முதுகு அரித்தது. பக்கத்து மரத்தில் பலாப்பழம் மணத்தது. அது அசையவில்லை. மருதி ஒரு வாய் கடிக்கும், அண்ணாந்து பார்க்கும். குரங்கு அங்கேயே இருக்கும். மறுநாளும் அப்படித்தான்.

ஒரு பிற்பகல், சிறுத்தை ஒன்று புல்லுக்குள் பதுங்கி வந்தது. சடையன் காடு அதிரக் கத்தியது. மான்கள் சிட்டாய்ப் பறந்தன. மருதியும் தப்பியது. சிறுத்தை வெறும் வாயோடு திரும்பிப் போனது.

"போச்சு, இனி இந்தக் குட்டி புல் பக்கமே வராது" என்று எல்லாம் வருந்தின.

மருதி வந்தது. மரத்தை அண்ணாந்து பார்த்தது.

"சொன்னபடியே கத்துனியே, அண்ணா" என்றது.

பிறகு குனிந்தது. வயிறு நிறையும்வரை நிமிரவே இல்லை. அந்த மரத்தடியிலேயே கால்களை மடக்கிப் படுத்துத் தூங்கிப்போனது.

காடே மலைத்துப்போய் நின்றது. அகவ வாயெடுத்த மயில் வாயை மூடிக்கொண்டது. நரிகூட ஓசைப்படாமல் விலகி நடந்தது. சடையனுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளக்கூடக் கையை எடுக்கவில்லை.

அஞ்சி வந்தவருக்குச் சோறு மட்டும் போதாது. தனக்காக ஒருவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையும் வேண்டும்.