மாற்றாள் வரும்வரை

வயதில் மூத்தவர் சிஷ்யர், இளையவர் குரு. காவல் தொழிலில் இப்படியும் உண்டு.

தவசிமணி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வந்து ஒரு செக்யூரிட்டி கம்பெனி ஆரம்பித்தார். அணிவகுக்கத் தெரியும், அதட்டத் தெரியும், தொழில் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள மரியபுஷ்பத்திடம் போனார். அந்த அம்மாள் ஒரு நூற்பாலை வாசலில் வருஷக்கணக்காகக் காவல் நின்றவர். இப்போது பகல் காவல் மட்டும் எடுத்துச் சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிறார். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

ஒருநாள் தவசிமணி வந்து உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"மேடம், கவர்மெண்ட் ஒப்பந்தத்தை நம்மள மாதிரி சின்ன கம்பெனி ஜெயிக்க முடியுமா?"

"முடியும்."

"எப்படி?"

"எது தடுக்குன்னு முதல்ல சொல்லுங்க."

மாவட்டத்து அரசுக் கட்டடங்களுக்குக் காவல் போட டெண்டர் விட்டிருந்தார்கள். நூறு பேராவது வேலை பார்க்கும் கம்பெனிதான் கேட்கலாம் என்பது நிபந்தனை. தவசிமணியிடம் எழுபது பேர். ஒவ்வொரு முறையும் இந்த நூறு அவரை வெளியிலேயே நிறுத்திவிட்டு, பெரிய ஊர்க் கம்பெனிக்கு வேலையைக் கொடுத்தது. இந்த வருஷம் நிலைமை இன்னும் மோசம். அவருடைய ஆட்களில் பாதிப் பேர் காவல் நிற்கும் ஒரு மில்லை மூடப்போகிறார்கள். இந்த ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நாளைக்கு அதிகாரிங்க எண்ண வாராங்க மேடம். வேலையில இருக்கிற என் ஆளுங்களை அந்தந்த இடத்துலயே பாத்துக்கிடுவாங்க. மீதி முப்பது பேரை ஆபீஸ்ல காட்டணும்."

"இல்லாதவங்களை எப்படிக் காட்டுவீங்க?"

"உங்க ஆளுங்களை ஒருநாள் கொடுங்க. என் யூனிஃபார்மைப் போட்டு நிறுத்திட்டு சாயங்காலம் அனுப்பிடுதேன். இந்தத் தொழில்ல எல்லாரும் செய்றதுதானே?"

"எத்தனை பேர்?"

"முப்பது."

"என்கிட்ட இருக்கிறதே முப்பது பேர்தான் அண்ணாச்சி."

தவசிமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"எடுத்துக்கிடுங்க. ஆனா நீங்களே நேர்ல போய்க் கூட்டிக்கிடணும். ஆஸ்பத்திரி பிரசவ வார்டுல இருந்து ஆரம்பிங்க. ஞானதுரை இருப்பான்."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. வயதையும் மறந்து அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலையில் தன் சூப்பர்வைசர் இசக்கியோடு வேனில் போய் இறங்கினார். பிரசவ வார்டு வாசலில் ஞானதுரை விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான்.

"வண்டில ஏறு தம்பி. மேடம் சொல்லிருப்பாங்களே?"

"சொன்னாங்க சார். மாத்தாள் எங்க?"

"என்ன மாத்தாள்?"

"நான் இறங்குனா இங்க நிக்கிறதுக்கு ஆள் வேணும்லா? மாத்தாள் வராம வாசலை விட்டு இறங்கக் கூடாதுன்னு மேடம் சொல்லிருக்காங்க. பட்டாளத்துலயும் அப்படித்தானே சார்?"

பட்டாளத்திலும் அப்படித்தான். தவசிமணி போனை எடுத்தார்.

"மேடம், இவன் மாத்தாள் கேக்கான்."

"கேக்கத்தான் செய்வான்."

"ஒரு ஆளை அனுப்புங்களேன்."

"முப்பது பேரையும்தான் உங்களுக்குக் கொடுத்துட்டேனே. அதுல ஒருத்தனுக்குக் காய்ச்சல், அவன் நிக்கிற பள்ளிக்கூட வாசல்ல நானே நிக்கேன். பள்ளிக்கூடம் விட்டதும் வாரேன்."

போன் நின்றுவிட்டது. தவசிமணிக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஒரு ஆள் கிடைத்தாலும் லாபம்தான் என்று நினைத்தார்.

"சரி, நான் நிக்கேன். நீ போ."

ஞானதுரை கம்பையும் விசிலையும் அவர் கையில் கொடுத்தான்.

"தாயும் வார்டுச் சீட்டும் இல்லாம கைப்பிள்ளை வெளிய போகக் கூடாது சார். அம்புட்டுதான் வேலை."

வேன் போயிற்று. கொஞ்ச நேரத்தில் இசக்கி போனில் வந்தான்.

"சார், அடுத்த வாசல்லயும் மாத்தாள் கேக்கான்."

"நீ நில்லு."

"அப்ப வண்டியை யாரு சார் ஓட்டுவா?"

தவசிமணி போனைப் பைக்குள் போட்டார். வேண்டுமானால் அவர் அப்போதே கிளம்பியிருக்கலாம். யாரும் அவரைக் கட்டிப்போடவில்லை. ஆனால் கையில் கம்பு இருக்கும்போது கால் வாசலைத் தாண்ட மறுத்தது. பட்டாளத்துப் பழக்கம் லேசில் போகாது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல சேலை, தலையில் பூ. துண்டில் சுற்றிய பச்சைப்பிள்ளை ஒன்று கையில் இருந்தது.

"எங்கம்மா போறீங்க?"

"பிள்ளைக்கு மஞ்சளா இருக்கு. வெயில் காட்டச் சொன்னாங்க டாக்டரம்மா."

"தாய் எங்க?"

"உள்ள தூங்குதா. நான் அவ அக்கா."

"சீட்டு?"

"இந்தா இருக்கிற வெயிலுக்குப் போக எதுக்கண்ணே சீட்டு?"

நியாயமான பேச்சுதான். தவசிமணிக்கே சங்கடமாக இருந்தது. ஆனாலும் கம்பைக் குறுக்கே நீட்டினார்.

"தாயை எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. அது பேரு என்ன?"

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை. சட்டென்று பிள்ளையை அவர் நெஞ்சில் திணித்தாள். அவர் கம்பைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் அவள் வெளியே போய் ஆட்டோ ஏறிவிட்டாள்.

அந்த நேரம் பையில் போன் அடித்தது. அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். எடுக்கக் கை இல்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூங்கியது.

உள்ளே ஒரு கூக்குரல் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். ஓடக் கூடாத உடம்பு. பிள்ளையை வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நர்சுகள் ஓடிவந்தார்கள், போலீஸ் வந்தது. தவசிமணி தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அந்தத் தாய் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய காக்கிக் கால்சட்டையின் நுனியைப் பிடித்திருந்த கையை மட்டும் வெகுநேரம் விடவில்லை.

மத்தியானத்துக்கு மேல் இசக்கியின் போனை எடுத்தார். அதிகாரிகள் எண்ணிப் பார்த்து, ஆள் போதாது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு மரியபுஷ்பம் வந்தார். யூனிஃபார்ம் போட்டிருந்தார்.

"மாத்தாள் வந்தாச்சு அண்ணாச்சி. இறங்குங்க."

தவசிமணி கம்பைக் கொடுக்கவில்லை. அவருக்குத் துக்கமாகவும் கோபமாகவும் இருந்தது.

"என் ஆளுங்க வீட்டுக்குப் போகப் போறாங்க மேடம். நீங்க மனசு வச்சிருந்தா ஜெயிச்சிருப்பேன்."

"வேண்டாம்னு நான் சொல்லலையே. முப்பது பேரையும்தான் எடுத்துக்கிடச் சொன்னேன்."

"மாத்தாளுக்கு நான் எங்க போவேன்?"

"மாத்தாள் இல்லாமலே ஞானதுரை உங்க பின்னாடி வந்திருந்தா?"

உள்ளே ஏதோ ஒரு பிள்ளை அழுதது. தவசிமணி திரும்பி வார்டைப் பார்த்தார்.

மரியபுஷ்பம் அவர் கையிலிருந்து கம்பை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"இது ஒரு வாசல் அண்ணாச்சி. நீங்க கேட்டது முப்பது."