பச்சையா, கறுப்பா

ஐடஹோவில் திராட்சை போட்டு ஒயின் செய்யப்போகிறேன் என்று தணிகைவேல் சொன்னபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அங்கே உருளைக்கிழங்குதானே விளையும் என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு அரை ஏக்கரில் பன்னிரண்டு வரிசை நட்டார். பக்கத்து ஒயின் ஆலையில் கொடிகளைப் பார்த்துக்கொள்ளும் கம்பம் ஊர்க்காரி சகாயமேரியைக் குருவாக வரித்துக்கொண்டார். குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்து நான்கு.

மூன்று வருடப் பாடு. வருகிற செப்டம்பரில்தான் முதல் அறுவடை. அதற்குள் டிசம்பர் கடைசியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரிக்கு இறங்கியது. தணிகைவேல் உடனே குருவுக்குப் போன் போட்டார்.

சகாயமேரி வந்து சோதனை செய்து காட்டினாள். கொடிக் கொம்பிலுள்ள மொட்டு ஒன்றைப் பிளேடால் குறுக்கே சீவ வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, கறுப்பு தெரிந்தால் செத்துவிட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நூறு சீவினார்கள். அறுபது பச்சை.

"போதும்ணே. இதுக்குத் தக்கன மார்ச்சுல கொம்ப வெட்டிக் கவாத்து பண்ணிக்கிரலாம். அதுவரைக்கும் கொடிய அது பாட்டுக்கு விட்ருங்க."

விடுவாரா மனுஷன்? மறுநாள் காலையில் காபியோடு பிளேடையும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒட்டிய வரிசைக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். பச்சை தெரிந்தால் மனசு கொஞ்சம் அடங்கும். அடுத்தது கறுப்பாக இருந்துவிட்டால் போச்சு, இன்னொரு பச்சையைப் பார்க்கும்வரை கை ஓயாது. முதல் வரிசை முடிந்து இரண்டாவதற்கு வந்துவிட்டார். பனியில் விரல் மரத்துப்போனதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

பிப்ரவரி நடுவில் சகாயமேரி வந்தாள். அவள் வண்டியை விட்டு இறங்குவதற்குள் ஓடிவந்தார்.

"மேடம், இந்தக் கொடி பிழைக்குமா பிழைக்காதா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என்னால ஒரு இடத்துல உக்கார முடியல."

அவள் நேரே முதல் வரிசைக்கு நடந்தாள். கொம்புகளை விரலால் தடவிக்கொண்டே போனாள். இரண்டாவது வரிசையிலும் அப்படியே. கொம்பு முழுக்க பிளேடு பட்ட தழும்பு. சீடர் பின்னாலேயே பேசிக்கொண்டு வந்தார்.

"எத்தன மொட்டு பாத்தீங்கண்ணே?"

"ஆயிரத்து நானூறு. ஒரு நாள் விடல மேடம்."

"பச்ச எத்தன?"

"எண்ணூத்தி அம்பது." குரலில் லேசாகப் பெருமைகூட இருந்தது.

"பரவால்லயே. குளிரு அதுகள ஒண்ணும் பண்ணல."

"அப்ப இந்த ரெண்டு வரிசையும் பிழைச்சிடும்ல?"

சகாயமேரி கொம்பை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"அந்த எண்ணூத்தி அம்பதுல இப்ப உசுரோட இருக்கிற ஒண்ணே ஒண்ணக் காட்டுங்கண்ணே."