தாழை தேடிய கடற்கரை

முன்னொரு காலத்திலே, கடல் இப்போதைவிடக் கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த நாளிலே, சங்குமுனை என்றொரு கடற்கரை நாடு இருந்தது. அந்தக் கரையில் இல்லாத உயிரே இல்லை! புதருக்குள் உடும்பு, மணல்மேட்டுக்குப் பின்னால் நன்னீர்க் குட்டையில் தவளை, ஈர மணலில் குடுகுடுவென்று ஓடும் நண்டு. "உவ்வே" என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது ரசிக்கத் தெரிந்தவர்களுக்கான கதை.

அங்கே வேம்பன் என்ற படகோட்டியும் அவன் மனைவி தாழையும் வாழ்ந்தார்கள். கடலில் கால் வைக்கும் முன் வேம்பன் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். கடலம்மா மேல் கால் படுகிறதே, மன்னிப்புக் கேட்க வேண்டாமா?

ஒருநாள் புகைமுடியான் என்ற மந்திரவாதி வந்தான்.

"டேய் படகோட்டி! இந்தக் கரையில் உள்ள உயிரையெல்லாம் பிடித்துக் கொண்டு வா. காய்ச்சிக் குடித்தால் எனக்குச் சாவே கிடையாது!"

"அதுக்கு வேற ஆளப் பாருங்க சாமி. இதுங்க எங்க கூடப் பொறந்ததுங்க," என்றான் வேம்பன்.

மந்திரவாதி கோலைச் சுழற்றினான். வேம்பனைக் காணோம்! அலறிக்கொண்டு ஓடிவந்த தாழையைப் பார்த்து அவன் சிரித்தான்.

"உன் புருஷன் இந்தக் கரையில் ஒரு பிராணியாக இருக்கிறான். அவன் முகத்தை எடுத்துவிட்டேன், குரலை எடுத்துவிட்டேன், உன் நினைப்பையும் எடுத்துவிட்டேன். மூன்று முறை கைகாட்டலாம். சரியாகக் காட்டினால் என் மந்திரமெல்லாம் உடையும். மூன்றும் தப்பினால் அவன் என்றைக்கும் பிராணிதான். இந்தக் கரையோடு சேர்த்து அவனையும் காய்ச்சிவிடுவேன்!"

தாழை தேடினாள். புதருக்குள் ஓர் உடும்பு. அடேயப்பா, அதன் கம்பீரம்தான் என்ன! உடம்பெல்லாம் முத்துக் கோத்த மாதிரிப் புள்ளி. வேம்பனைப் போலவே தலையைச் சாய்த்துப் பார்த்தது. தாழை கையை நீட்டினாள்.

"மச்சான், நீயா? நீதானா?"

உடும்பு நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

"ஒன்று போச்சு!" என்று கைகொட்டினான் புகைமுடியான்.

குட்டையில் ஒரு தவளை. கண்ணில் பொன் வளையம். தொண்டையை உப்பவைத்து அது பாடிய பாட்டில் தாழை சொக்கிப்போனாள். வேம்பனும் இப்படித்தான் பாடுவான். குரலைத்தான் மந்திரவாதி எடுத்துவிட்டானே என்பது அவசரத்தில் அவளுக்கு மறந்துபோனது; கையை நீட்டிவிட்டாள்.

"மச்சான், நீயா? நீதானா?"

தவளை தொபக்கென்று தண்ணீரில் குதித்தது.

"இரண்டும் போச்சு!"

தாழை மணலில் உட்கார்ந்து அழுதாள். பாவம், வேறென்ன செய்வாள்? பொழுது சாயும் நேரம் மழை தூறி மணல் குளிர்ந்தது. அப்போது அவள் காலருகே மணல் அசைந்தது. உள்ளேயிருந்து ஆமைக்குஞ்சுகள் பொலபொலவென்று கிளம்பின! ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான். கடலைப் பார்த்து என்ன ஓட்டம்!

"அம்மாடி! பொறந்த ஒடனே ஒங்களுக்கு வழி சொன்னது யாரு?" அழுகையிலும் அவளுக்கு வியப்புத் தாங்கவில்லை.

குஞ்சுகள் நிற்காமல் அலைக்குள் பாய்ந்தன. கடைசிக் குஞ்சு மட்டும் அலையின் ஓரத்தில் நின்றது. சின்னத் துடுப்புக் கையால் தண்ணீரைத் தொட்டது. தலை குனிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டது. பெரிய அலை ஒன்று அதைத் தூக்கிப் போக வந்துகொண்டிருந்தது.

தாழை இம்முறை கேட்கவில்லை. கையை நீட்டிக் கத்தினாள்.

"மச்சான், நீதான்!"

அலை வடிந்தது. ஈரக் கையைக் கண்ணில் வைத்தபடி வேம்பன் நின்றான். "ஏன் தாழை அழுவுற?" என்று கேட்டான். அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

முகத்தை எடுத்தவன், குரலை எடுத்தவன், நினைப்பை எடுத்தவன், பழக்கத்தை எடுக்க மறந்துவிட்டான். கடலை ஒருநாளும் கும்பிடாதவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாதே! அவன் கோல் பொடிப்பொடியானது. அவனும் சுருங்கிச் சுருங்கி ஒரு குட்டி நண்டாகிப் பக்கவாட்டில் ஓடினான்.

"புடிச்சுக் காய்ச்சிடவா?" என்றான் வேம்பன்.

"வுடு மச்சான்," என்று தாழை குனிந்து பார்த்தாள். "கண்ணு ரெண்டும் குச்சி மேல நிக்குது பாரு. என்னா அழகு!"

அவர்களும் வாழ்ந்தார்கள், அந்தக் கரையும் வாழ்ந்தது. அந்த நண்டுகூட நன்றாகத்தான் வாழ்ந்தது.