மாட்டோடு இருபது பார்சல்

கொக்குப்பாளையம் செங்கோடன் மெஸ்ஸில் சாப்பாட்டைக் குறை சொல்ல ஆள் கிடையாது. சோறு பதமாக வேகும். அங்கே வேகாதது செங்கோடனும் அவருடைய இரண்டு ஆட்களும்தான்.

பிளாஸ்டிக் டப்பாவில் பார்சல் கட்டியதற்காக நகராட்சியில் இரண்டு தடவை எச்சரித்துவிட்டார்கள். மூன்றாவது தடவை கடைக்குச் சீல். அந்த மெஸ்ஸை விட்டால் செங்கோடனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை, பாவம்.

சுகாதார ஆய்வாளர் அம்மா நல்ல மனசுக்காரர். பாக்குமட்டைப் பெட்டி இருபதைத் தானே கொண்டுவந்து வைத்தார்.

"இது வெறும் மட்டை. சாப்பிட்டதும் மாட்டுக்குப் போட்டுடலாம். நாளைக்கு எங்க ஆபீசுக்கு இருபது சாப்பாடு இதுல அனுப்புங்க. எல்லாப் பெட்டியும் மாட்டுக்குத்தான் போகணும். குப்பையில ஒண்ணு கிடந்தாலும் சீல்தான்."

அவர் போனதும் செங்கோடன் ஆட்களைக் கூட்டினார்.

"ஆபீசுல மாடு இருக்குதாப்பா?"

"நான் பார்த்தவரைக்கும் இல்லீங்ணா," என்றார் சமையல்கார அர்த்தனாரி. "நாற்காலிதான் இருக்குது."

"அப்ப மாட்டையும் நாமதான் அனுப்போணும்."

பார்சல் கட்டும் பழனாத்தா தயங்கினாள். "ஆபீசு ரெண்டாவது மாடிங்ணா. மாடு படி ஏறிக்கும். இறங்காதே."

செங்கோடன் வெகுநேரம் யோசித்தார். "இறங்கோணும்னு அந்தம்மா சொல்லலையே."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

அர்த்தனாரிக்கு வேறு கவலை. பெட்டியில் குழம்பு ஒட்டியிருந்தால் மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒன்று தப்பினாலும் கடை போச்சு. ஆகவே மிளகாயை நிறுத்தினார். புளியை நிறுத்தினார். கடைசியில், எதற்கு வம்பு என்று, தவிடும் பருத்திக்கொட்டையும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து இருபது பெட்டியிலும் வைத்தார். செங்கோடன் ஒரு வாய் போட்டுப் பார்த்து, உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

மறுநாள் மதியம் பார்சலோடு பக்கத்துத் தோட்டத்து மாடுகள் மூன்றும் நகராட்சிப் படி ஏறின. பழனாத்தா பெட்டிகளை மேசைமேல் வரிசையாகத் திறந்து வைத்தாள். அலுவலர்கள் கை கழுவி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. சாப்பாட்டைப் பெட்டியோடு தின்றுவிட்டு, பைல்களுக்கு நடுவே படுத்து மாடுகள் அசை போட ஆரம்பித்தன.

ஒரு மணிக்கு மெஸ்ஸுக்குப் போன் வந்தது. ஆய்வாளர் அம்மாதான். செங்கோடன் முந்திக்கொண்டு கேட்டார்.

"குப்பைத்தொட்டியில ஏதாச்சும் கிடக்குதுங்களா மேடம்?"

"இல்லை."

"அப்ப சீல் இல்லீங்களே?"

"இல்லைய்யா. ஆனா இங்க இருபது பேரும் பசியோட உட்கார்ந்திருக்கோம். முதல்ல வேற சாப்பாடு அனுப்புங்க."

செங்கோடனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருந்தாலும், சொன்ன சொல்லை மீற மனம் வரவில்லை.

"இப்பவே அனுப்புனா பெட்டியை எதுங்க மேடம் திங்கும்? மாட்டுக்கு வயிறு நெறஞ்சு கிடக்குது. அதுக்குப் பசி எடுத்ததும் ஒரு போன் பண்ணுங்க. உங்களுக்கு உடனே சோறு அனுப்பறேன்."