நமுன்யா மூடிய ஊற்று

விலங்குகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆப்பிரிக்கப் புல்வெளியில் மூன்று வருடம் மழையே பெய்யவில்லை. ஆறு வெறும் மணலாகிவிட்டது. நீர்யானைகள் காய்ந்த சேற்றில் படுத்தபடியே செத்தன. ஒட்டகச்சிவிங்கிகளுக்கு எட்டிப் பறிக்க ஓர் இலை இல்லை.

மணலுக்கடியில் தண்ணீர் இருக்கும் இடம் நமுன்யா என்ற பெண் யானைக்கு மட்டும் மோப்பத்தில் தெரியும். பதினொரு யானைகள் கொண்ட கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. ஆற்றின் வளைவில் காலால் மணலைத் தள்ளி, துதிக்கையால் அள்ளிக் குழி தோண்டினாள். கலங்கலாக நீர் ஊறியது. யானைகள் ஒவ்வொன்றாகக் குடித்தன.

அப்போது மிலியா என்ற வரிக்குதிரை தன் குட்டியோடு வந்து நின்றாள். இருவருக்கும் விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன.

"அக்கா, எனக்கு வேண்டாம். இவனுக்கு ஒரு வாய் கொடுத்தால் போதும்."

"இன்று உனக்குக் கொடுத்தால் நாளைக்குக் காடே திரண்டு வரும். எனக்கும் குட்டிகள் இருக்கின்றன. போய்விடு."

"எங்கே போவேன், அக்கா?"

நமுன்யா குழியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எல்லாரும் குடித்து முடித்ததும் குழியை மணலால் மூடினாள். மேலே ஏறி நின்று மிதித்து இறுக்கினாள். பிறகு தின்ன மரப்பட்டை தேடிக் கூட்டத்தை மலைப்பக்கம் அழைத்துப்போனாள்.

மூன்றாம் நாள் தாகத்தோடு திரும்பியவள், ஆற்றின் வளைவில் அப்படியே நின்றுவிட்டாள்.

மூடிய குழியின்மேல் மிலியா கிடந்தாள். முன்னங்கால் குளம்புகள் தேய்ந்து, ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு சாண் ஆழம்கூட அவளால் தோண்ட முடியவில்லை. மணல் அவ்வளவு இறுகியிருந்தது.

"மிலியா, எழுந்திரு. தண்ணீர் தருகிறேன், எழுந்திரு!"

துதிக்கை நுனியால் அவள் முகத்தைத் தொட்டாள். காதைத் தொட்டாள். குளம்பைத் தொட்டாள்.

தாயின் வயிற்றோரம் கிடந்த குட்டிக்கு மட்டும் மூச்சு இருந்தது. நமுன்யா பக்கத்திலேயே வெறி பிடித்தவள்போலத் தோண்டினாள். நீர் ஊறியது.

"குடி, கண்ணா."

குட்டி தட்டுத்தடுமாறி எழுந்தது. ஆனால் கிட்டே வரவில்லை. மணலை மிதித்து இறுக்கிய அந்த யானைக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றது. நமுன்யாவுக்குப் புரிந்தது. கூட்டத்தை அழைத்துக்கொண்டு வெகுதூரம் விலகிப் போய் நின்றாள். அதற்குப் பிறகுதான் குட்டி குடித்தது.

அன்றிலிருந்துதான் யானைகள் வறண்ட ஆற்றில் தோண்டும் ஊற்றை மூடாமல் விட்டுப் போகின்றன. வழியில் எலும்பைக் கண்டால் நின்று, துதிக்கையால் தடவிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் நடக்கின்றன.