சந்தியாகு கிண்டிய ஜாம்

"அம்மா, துக்க வீட்டுக்குப் போனா என்ன பேசணும்?"

சந்தியாகு இதைக் கேட்டபோது அமலி அம்மா கொய்யா மரத்தடியில் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கூடையக் கொஞ்சம் பிடிங்கண்ணே," என்றார்.

பிடித்தார். கூடை நிறைந்தது. பதில் மட்டும் வரவில்லை.

அமலி அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சந்தியாகு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை அண்ணே என்பார். பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்துக் கொய்யாத் தோப்புக்குள் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை. யார் குரு, யார் சீடர் என்று வெளியாட்கள்தான் குழம்பிப்போவார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. வேதக்கார வீடானால் வாசலில் நட்சத்திரம் தொங்காது. முருகன் படம் மாட்டிய வீடானால் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி ஏறாது. இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆசிரமத்திலிருந்து கொய்யா ஜாம் போகும். ஆளுக்கொரு வீடு. கொண்டுபோகிறவர்தான் கிண்டவும் வேண்டும். அடுத்தவர் கிண்டியதை வாங்கிக்கொண்டு போக முடியாது.

இந்த வருஷம் சந்தியாகுவுக்கு விழுந்தது தண்டபாணியின் வீடு.

தண்டபாணி கண்டக்டர். பாதி ஆயுள் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். தண்டபாணியின் விசில் எந்த நினைப்பில் வருகிறது என்பதுகூட ஸ்டியரிங்கில் இருந்த சந்தியாகுவுக்குத் தெரியும். ஆடி மாதத்தில் தண்டபாணியின் மனைவி சரசு இறந்துபோனாள்.

அன்றைக்குச் சந்தியாகுவுக்குக் கடும் காய்ச்சல். அது உண்மைதான்.

மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. அதுவும் உண்மைதான்.

போய் என்ன சொல்வது என்று யோசித்தார். சரியாக ஒரு வார்த்தை கிடைக்கட்டும், போய்க்கொள்ளலாம் என்று இருந்தார். காரியம் முடிந்தது. தீபாவளி வந்து போனது. வார்த்தை வந்தபாடில்லை. நாள் ஆக ஆக, ஏன் இத்தனை நாளாக வரவில்லை என்பதற்கும் சேர்த்து வார்த்தை தேட வேண்டியதாகிவிட்டது.

சந்தையில் நாலு பேருக்கு முன்னால் தண்டபாணி சொன்னாராம்: "ஊரே வந்துச்சு. அவன் வரல. இனிமே அவன் வந்தா நான் கதவத் தொறக்க மாட்டேன்."

கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

"எனக்கு வேற வீடு குடுங்கம்மா," என்றார் சந்தியாகு.

"உங்களுக்கு அந்த வீடுதான்."

"அவன் கதவத் தொறக்க மாட்டான்."

"உங்களுக்குத் தட்டத் தெரியுமில்ல?"

அதற்கு மேல் அமலி அம்மாவிடம் வாதாட முடியாது. பேச்சு முடிந்தால் கிளம்பிவிடுவார், கூடையை இவர் தலையில் வைத்துவிட்டு.

சந்தியாகு ஒரு முடிவுக்கு வந்தார். பேச்சுத்தான் வரவில்லை, ஜாமாவது குறை சொல்ல முடியாததாக இருக்கட்டும். தண்டபாணி ஒரு வாய் தின்றுவிட்டு வாயடைத்துப்போக வேண்டும். அப்புறம் எதற்குப் பேச்சு?

பழத்தை நறுக்கினார். வேகவைத்து மசித்தார். விதை ஒன்றுகூடத் தங்காமல் வடிகட்டினார். சீனியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து விறகடுப்பில் ஏற்றினார்.

கொதிக்கிற கொய்யா சும்மா இருக்காது, தெறிக்கும். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கிண்டினார்.

"ஆச்சாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே அமலி அம்மா அந்தப் பக்கம் போனார்.

"எங்கம்மா? கரண்டியில நிக்க மாட்டேங்குது. வழியுது."

விடவில்லை. கடைசியில் கரண்டியில் நின்றது. சந்தியாகு திருப்தியோடு இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

சாயங்காலம் வந்து பார்த்தால் கரண்டி ஜாமுக்குள் நட்டுக்கொண்டு நிற்கிறது. பிடித்து இழுத்தால் சட்டியும் சேர்ந்து வருகிறது.

அமலி அம்மா வந்து குனிந்து, விரலை மடக்கி ஜாமின் மேல் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது.

"யாரும் தொறக்கல போலிருக்கே," என்றார்.

சந்தியாகுவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. மறுநாள் மறுபடியும் பழம் பறித்தார்.

இந்தத் தடவை அமலி அம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர்ப் பானைக்குக் கீழே ஈர மணலில் வைத்திருந்த எவர்சில்வர் தட்டு. தொட்டால் சில்லென்றிருந்தது.

"இதுல ஒரு சொட்டு விட்டு, ஆறினதும் விரலால தள்ளிப் பாருங்க. சுருங்கிச்சுன்னா இறக்கிடலாம்."

சந்தியாகு ஒரு சொட்டு விட்டார். ஆறியது. தள்ளினார். சொட்டின் மேல் தோல் அழகாகச் சுருங்கியது.

சட்டியைப் பார்த்தார். அங்கே கஞ்சி மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது.

"தட்டுல சரியாத்தான் இருக்கு. சட்டியில அப்படி இல்லையேம்மா. ரெண்டுல எத நம்புறது?"

"நீங்க எத நம்புறீங்க?"

"சட்டியத்தான். கண்ணு முன்னாடி கொதிக்குதே."

சந்தியாகு கிண்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் தோப்பு முழுக்கத் தீய்ந்த வாடை பரவியது. ஆசிரமத்து நாய் எழுந்து தூரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

மற்றவர்களின் ஜாம் எல்லாம் தயாராகிப் போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம் ஒரே ஒரு வீடு. மறுநாள் கிறிஸ்துமஸ்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்றதுக்கு வந்தீங்களா?" என்று அமலி அம்மா கேட்டார்.

"இல்ல," என்றார் சந்தியாகு. "கூடை எங்கன்னு கேக்க வந்தேன்."

அன்று காலையில் அவராகவே மரம் ஏறினார். முட்டி வலியோடுதான் ஏறினார். இன்றைக்கு ஜாம் ஆகாமல் அடுப்பை விட்டு எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தார். அமலி அம்மாவும் எதிரில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சட்டி கொதித்தது. சந்தியாகுவுக்கு உள்ளேயும் கொதித்தது.

"'ரொம்ப வருத்தமா இருக்குடா'ன்னு சொல்லலாமாம்மா?"

அமலி அம்மா சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது பத்தாது. அஞ்சு மாசம் கழிச்சுப் போய் வருத்தம்னா அடிப்பான். 'எல்லாம் கடவுள் சித்தம்'னு சொல்லலாம். அதுக்கும் அடிப்பான்."

கிண்டினார்.

"'சரசு தங்கமான பொம்பள'. இது நெசம்மா. ராத்திரி கடைசி ட்ரிப் முடிச்சுப் போனா எனக்கும் சேத்துத்தான் சோறு எடுத்து வச்சிருக்கும். ஆனா ஊரே இதச் சொல்லியிருக்குமே. நான் புதுசா என்னத்தச் சொல்ல?"

புகை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் யோசிச்சா வந்துடும்மா. சரியா ஒண்ணு கிடைச்சா போதும், போயிடுவேன்."

அமலி அம்மா எழுந்தார். இரண்டு கந்தல் துணிகளை எடுத்தார். சட்டியின் விளிம்பை இரண்டு பக்கமும் பிடித்து, தூக்கிக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா!" சந்தியாகு கரண்டியோடு எழுந்தார். "இன்னும் தண்ணியா இருக்கு!"

"தெரியுது."

"இன்னும் ஆகலம்மா!"

"அது அடுப்புல ஆகாது."

சந்தியாகு கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். அமலி அம்மா ஜாமைப் பாட்டிலில் ஊற்றினார். ஊற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும், பாயசம் மாதிரி போனது. மூடியைத் திருகி, ஒரு துண்டில் சுற்றி, அவர் கையில் கொடுத்தார்.

"கிளம்புங்க."

"ஆறட்டும்மா. சாயங்காலமா..."

"போற வழியில ஆறும்."

"போய் என்ன பேசணும்னு..."

அமலி அம்மா அதற்குள் சட்டியைக் கழுவப் போய்விட்டார். குழாய்ச் சத்தம்தான் கேட்டது.

சந்தியாகு பாட்டிலைப் பார்த்தார். சட்டி இருந்த அடுப்பைப் பார்த்தார். திரும்பவும் பாட்டிலைப் பார்த்தார்.

கரண்டியைக் கீழே வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட் கிடைத்தது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். முதலில் தொடையைச் சுட்டது. பிறகு இதமாக இருந்தது. தண்டபாணியின் ஊர் வந்தபோது சூடு இருந்ததே தெரியவில்லை.

இறங்காமல் அப்படியே போய்விடலாமா என்று கால்கள் யோசித்தன. சந்தியாகு அவற்றிடம் யோசனை கேட்கவில்லை. இறங்கினார். பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டே தெருவைக் கடந்தார்.

கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் நின்றது.

"யாரு?"

"நாந்தான்."

காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வந்து நின்றது.

"நீதான்னு தெரியுது," என்றது தண்டபாணியின் குரல். கதவுக்கு நேர் பின்னாலிருந்து வந்தது. "இப்ப எதுக்கு வந்த?"

அடுப்படியில் சேர்த்து வைத்ததில் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. பக்கத்து வீட்டுப் பெண் படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"சரசு போனதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலடா," என்றார் கதவிடம். "அதனாலதான் வரல. இப்பவும் தெரியல. தெரியாமத்தான் வந்திருக்கேன்."

சந்தியாகு போகவில்லை. திறக்காவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

தண்டபாணி இளைத்திருந்தார். பல நாள் தாடி, முழுக்க நரை. பாட்டிலைப் பார்க்கவில்லை. சந்தியாகுவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கும்தான்டா தெரியல," என்றார். "உள்ள வா."