சாயங்காலப் பாசி

முதல் முட்டை உருண்டு தண்ணிக்குள்ள விழுந்தப்பதான், வீடு சாயுதுன்னே குமிழிக்குத் தெரிஞ்சுது.

குமிழி ஒரு முக்குளிப்பான், தண்ணிக்குள்ள முங்கி மீன் பிடிக்கிற குட்டிப் பறவை. ஏரி நடுவுல மிதக்கிற வீட்டுல, நாலு முட்டை மேல உக்காந்து அடைகாத்துட்டு இருந்தா. நல்ல மத்தியானம். அவ புருஷன் மதகுப் பக்கம் மீன் தேடிப் போயிருந்தான். ஒரு காத்து அடிச்சுது, வீடு கிழக்குப் பக்கமா சாஞ்சுது, 'களக்'குனு ஒரு சத்தம். அவ்ளோதான்.

மிச்சம் மூணு முட்டையும் அதே பக்கமா நகர ஆரம்பிச்சுது. குமிழி றெக்கைய விரிச்சு அணை போட்டா. எழுந்தா முட்டை போயிடும், உக்காந்திருந்தா வீடே போயிடும்.

யாரையாவது கூப்பிடலாம்னு பாத்தா, சுத்தி எல்லா வீட்டுக்கும் வேலி. ஒரு தலை கூட தெரியல.

இந்தத் தெரு இப்படியா இருந்துச்சு?

ஆரம்பத்துல எல்லாரும் கரையோரம்தான் கூடு கட்டினாங்க. கீரி வந்து முட்டையக் குடிச்சுட்டுப் போகும். கீரி வராத வருஷம் வெள்ளம் வரும். ஒரு வருஷம் ரெண்டுமே வந்துச்சு. அப்பத்தான் முக்குளிப்பான், நாமக்கோழி, இலைக்கோழின்னு பதினோரு குடும்பம் ஒண்ணாக் கூடிப் பேசி, தண்ணி மேலயே ஒரு தெரு போட்டுடலாம்னு முடிவு பண்ணாங்க.

அந்த வீட்டைப் பத்தி சொல்லியே ஆகணும், அவ்ளோ அழகா யோசிச்சிருந்தாங்க! அடியில காஞ்ச கோரைத் தண்டை குறுக்கும் நெடுக்குமா அடுக்குவாங்க. தண்டுக்குள்ள காத்து இருக்குல்ல, அது வீட்டை மிதக்க வைக்கும். அதுக்கு மேல பச்சைப் பாசி. பாசி அழுக அழுக வெதுவெதுன்னு சூடு கிளம்பும், முட்டைக்கு அதுதான் கம்பளி. அப்புறம் ஒரு நீளக் கொடியால வீட்டை சம்பு நாணல்ல கட்டுவாங்க. இறுக்கிக் கட்டவே மாட்டாங்க. ஒரு கொக்கு உயரத்துக்குக் கொடியத் தளர விட்டிருப்பாங்க. ஏரி ஏறினா வீடும் கூடவே ஏறும், ஏரி இறங்கினா இறங்கும்.

தொல்லை ஒண்ணே ஒண்ணுதான். அழுகின பாசிக்குப் பதிலா தினமும் புதுசு வைக்கணும். அதுக்குத்தான் அந்த வழக்கம் வந்துச்சு. அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்க வைக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்குத்தான் வைக்கணும். வீடு கொஞ்சம் கொஞ்சமா சாயும்போது உள்ள உக்காந்திருக்கிறவளுக்குத் தெரியாது, வெளிய இருந்து பாக்கிறவளுக்குத்தான் தெரியும். எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கோ, அந்தப் பக்கம் ஒரு வாய் பாசி.

வெயில் தாழ்ந்ததும் தெருவே கிளம்பிடும். "பாசி வருது, நகரு"ன்னு குரல் கொடுத்துக்கிட்டே வருவாங்க. ஒரு வாய் பாசி வைக்க ஒரு மணி நேரம் ஆகும். யார் குஞ்சு இன்னிக்கு முதல் முங்கு போட்டுச்சு, யார் வீட்டுல மாமியார் சண்டை, எல்லாத்தையும் பேசி முடிக்கணும்ல. குமிழிக்குக் கிழக்கு வீடு நெட்டக்காலி. இலை மேல நடக்கிற இலைக்கோழி. வாயில பாசிய வெச்சுக்கிட்டே பேசுவா, பாதி ஏரியில விழுந்துடும்.

"வீட்டுக்கு வெக்க வந்தியா, மீனுக்கு விருந்து வெக்க வந்தியாடி?"ன்னு குமிழி கேப்பா. நெட்டக்காலி சிரிச்சா மீதிப் பாசியும் விழுந்துடும்.

போன கோடையில கால்வாய் வழியா உடைஞ்ச தெர்மாகோல் மீன்பெட்டிங்க மிதந்து வந்துச்சு. நாமத்தான்னு ஒரு நாமக்கோழி, நெத்தியில வெள்ளைப் பட்டை, தலைக்குள்ள எப்பவும் புது யோசனை. ஒரு பெட்டி மூடி மேல ஏறிக் குதிச்சுக் காட்டினான். மூடி முங்கல, ஊறல.

"இது அழுகவே அழுகாது, சூட்டையும் விடாது. இனிமே யாரும் யாருக்கும் பாசி சுமக்க வேணாம்"னான்.

எல்லாருக்கும் குஷி. கோரையப் பிரிச்சுப் போட்டுட்டு தெர்மாகோலை அடியில வெச்சாங்க. முதல்ல மாத்தினதே குமிழிதான். பாசி கொண்டு வர்றவங்களுக்கு வழி விட வேண்டிய வேலையும் இல்லாமப் போச்சு. அதனால அலை வராம இருக்கட்டும்னு வீட்டைச் சுத்தி வேலியும் கட்டினா. அவளைப் பாத்து எல்லாரும் கட்டினாங்க.

முதல் வாரம் நல்லா ஓய்வா இருந்துச்சு. அதுக்கப்புறம் வெயில் தாழ்ந்ததும் எல்லாரும் பழக்கத்துல வெளிய வந்து நிப்பாங்க. வேலியைப் பாப்பாங்க. திரும்பி உள்ள போயிடுவாங்க.

தெர்மாகோல் அழுகல, வாஸ்தவம்தான். ஆனா கெண்டை மீனுங்க அதைக் கொத்திக் கொத்தித் துப்பும்னு யார் கண்டா? ஏரியில வெள்ளை வெள்ளையா மணி மிதந்துச்சு. பாத்தவங்க எல்லாரும் வேற யாரோ வீட்டுதுன்னு நினைச்சாங்க. அடைகாக்கிற குமிழியால இறங்கிப் போய் அடியைப் பாக்கவும் முடியல.

இப்ப முட்டைங்க அவ றெக்கைய முட்டித் தள்ளுது. தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு. வாயத் திறந்தா, அவளை அறியாம அந்தப் பழைய குரல்தான் வந்துச்சு.

"பாசி வருது, நகரு! பாசி வருது, நகரு!"

பட்டப்பகல்ல பாசியா? ஆனா யாரும் ஏன்னு கேக்கல. அந்தக் குரலைக் கேட்டதும் பத்து வீட்டுலயும் வாய் தானாப் பாசியக் கவ்விடுச்சு. நெட்டக்காலி வேலியைக் காலாலயே பிச்சுப் போட்டுட்டு வந்தா. கிழக்கு ஓரத்துக்கு அடியில பாசி மேல பாசியாத் திணிச்சாங்க. நாமத்தான் அடியில முங்கி, தலையால வீட்டை முட்டுக் கொடுத்துத் தூக்கினான். வீடு மெதுவா நிமிர்ந்துச்சு. மூணு முட்டையும் நடுவுக்கு வந்துச்சு.

நெட்டக்காலி கடைசி வாய் பாசிய அமுக்கி வெச்சா.

"பத்து நாளாப் பாத்துட்டுத்தாண்டி இருந்தேன்"னா நெட்டக்காலி. "என் பக்கமா சாஞ்சுட்டே வந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"வெறும் வாயோட எப்படி வர்றது? நீ வேற வேலி போட்டிருந்தே."

குமிழி கழுத்தை நீட்டி, எட்டின வரைக்கும் மிச்ச வேலியைப் பிச்சுப் போட்டா.

அன்னிக்கே எல்லாரும் பழையபடி கோரை அடுக்க ஆரம்பிச்சாங்க. நாமத்தான் ஒவ்வொரு வீட்டுத் தெர்மாகோலையும் தானே இழுத்துட்டுப் போய் கரையில போட்டான். நெத்தியில இருந்த நாமத்தை ஊருக்கே போட்டுட்டியே அண்ணேன்னு ஓட்டினாங்க. தலையக் குனிஞ்சுக்கிட்டு, ரெண்டு வீட்டுக்குச் சேத்துப் பாசி சுமந்தான்.

இப்ப குமிழி முதுகுல மூணு குஞ்சு சவாரி போகுது. வெயில் தாழ்ந்தா தெருவுல அந்தக் குரல் கேக்குது. நெட்டக்காலி தினமும் முதல் வாய் பாசிய அந்தக் கிழக்கு ஓரத்துலதான் வைக்கிறா, அந்த முதல் முட்டை விழுந்த இடத்துல. அங்க வரும்போது மட்டும் அவ பேசறதில்ல. ஒரு இழை கூட கீழ சிந்தறதில்ல.

நம்ம வீடு சாயறது நமக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்குத்தான் தெரியும், அதனால அவங்க வந்து போற வழியை எந்த வசதிக்காகவும் அடைக்கக் கூடாது.

உங்க தெருவுலயும் இப்படி ஒரு சாயங்காலம் இருந்து, சத்தமே இல்லாம நின்னு போச்சா?